பழைய காரில் பவர் ஸ்டீயரிங் போனால்: போனது எது, மிச்சம் எது

"பவர் ஸ்டீயரிங் போயிடுச்சு" என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீல் திரும்புதா, இல்லையா? அநேகமாக வரும் பதில், "திரும்புது, ஆனா கல்லு மாதிரி இருக்கு." அப்படியென்றால் போனது பவர். ஸ்டீயரிங் அப்படியே இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் மலைப்பாதையில் பதற மாட்டார், ஒர்க்‌ஷாப்பில் தேவையில்லாமல் பணத்தையும் இறக்க மாட்டார்.

அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் அதன் தண்டு சுழலும். தண்டின் கீழ்முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது, பல் வெட்டிய ஒரு நீளமான கம்பியை இடமும் வலமும் நகர்த்தும். அந்தக் கம்பியின் பெயர் ராக். ராக்கின் இரண்டு முனைகளிலிருந்தும் டை ராடுகள் போய் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும். மாருதி 800-ல் இருந்தது இவ்வளவுதான். இரும்பு இரும்பைத் தள்ளுகிறது, கை பலம் டயருக்குப் போகிறது, வேறு மந்திரம் எதுவும் கிடையாது.

பவர் ஸ்டீயரிங் என்பது இதே இரும்பு இணைப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த கையாள். இன்ஜினின் முன்பக்கம் பெல்ட்டில் சுழலும் ஒரு பம்ப், சின்ன டப்பாவிலிருந்து ஆயிலை இழுத்து, அழுத்தம் ஏற்றி, தடித்த ஹோஸ் வழியாக ராக்குக்கு அனுப்புகிறது. ராக்கைச் சுற்றி ஒரு சிலிண்டர், ராக்கோடு சேர்ந்து நகரும் ஒரு பிஸ்டன். ஆயில் பிஸ்டனின் எந்தப் பக்கம் புகுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ராக் தள்ளப்படும். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், உங்கள் டயரில் இருக்கும் காற்று 30 பிஎஸ்ஐ சொச்சம். வண்டியை நிறுத்தி முழுக்க ஒடிக்கும்போது இந்த ஹோஸுக்குள் 1,000 பிஎஸ்ஐ-க்கு மேல் போகும். இருபது வருடம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்த ரப்பர் இதைத் தாங்க வேண்டும்.

எந்தப் பக்கம் ஆயிலை விடுவது என்று வண்டிக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு இந்த அமைப்பிலேயே பிடித்த பாகம் இதுதான். வீலின் தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் பென்சிலைப் போல ஒல்லியான ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. டயர் திரும்ப அடம்பிடித்தால் இந்தக் கம்பி லேசாக முறுகும். முறுகும் அளவுக்கு வால்வு திறக்கும், முறுகிய திசைக்கு ஏற்ற பக்கம் ஆயில் பாயும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது கம்பி முறுகுவதில்லை. ஆயில் சும்மா சுற்றி டப்பாவுக்கே திரும்பிவிடும். கம்பி ஓரளவுக்கு மேல் முறுகிவிடாதபடி இரும்புத் தடை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். டப்பாவில் சொட்டு ஆயில் இல்லாமல் போனாலும் அந்தத் தடை முட்டிக்கொள்ளும். உங்கள் கை பலம் நேராகப் பல்சக்கரத்துக்கு இறங்கும். கையாள் லீவு போட்டாலும் வேலை நிற்காது, நாம்தான் மூட்டை தூக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர் 1920-களிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார். கடைக்கு வந்த காரில் சேர 1951 ஆனது. கிரைஸ்லர் இம்பீரியல்தான் முதல். நம் ஊரில் இன்றும் ஓடும் குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, ஃபோர்டு ஐகான், பழைய ஸ்கார்பியோ எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஆயில் வகைதான்.

"மாருதி 800 ஓட்டினவன்தானே நான், பவர் இல்லாவிட்டால் என்ன" என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் அடி வாங்குவார்கள். பவர் இல்லாமலே வடிவமைத்த வண்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீலை அதிகச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும், அதனால் ஒவ்வொரு சுற்றும் லேசு. அம்பாசிடரின் வீல் தாம்பாளம் போல இருந்ததும் அந்த நெம்புகோல் பலத்துக்காகத்தான். பவர் உள்ள வண்டியில் உதவி இருக்கும் தைரியத்தில் சுற்றைக் குறைத்து, வீலையும் சின்னதாக்கி, டயரை அகலமாக்கியிருப்பார்கள். உதவி போன பிறகு அந்தக் கனத்தோடு, சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் ஆயிலையும் சேர்த்து நாமே தள்ளுகிறோம்.

ஏற்காட்டு வளைவில்

இதெல்லாம் எனக்குப் புத்தி தெளிந்தது ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது. சேலம் அடிவாரத்துக்கு வரும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதியைத் தாண்டியிருந்தோம். என்னுடையது இருபது வயதை நெருங்கும் செடான். ஏறும்போதே, ஒடிக்கிற போதெல்லாம் முன்பக்கம் ஒரு முனகல், கொசு பெரிதாகிப் பூனை ஆன மாதிரி. அந்த மாதத்தில் இரண்டு முறை டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது, இரண்டு முறையும் ஊற்றினேன். குறைந்த ஆயில் எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு வளைவில் வலது பக்கம் ஒடிக்கிறேன், பாதியில் வீல் கனத்துவிட்டது. உடைந்தது போலவும் இல்லை, பூட்டியது போலவும் இல்லை. நிறைகுடத்தைக் கிணற்றிலிருந்து ஒற்றைக் கையால் இழுக்கிற கனம். பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி வளைவின் நடுவில், தடுப்புச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. சுவருக்கு இன்னும் இரண்டு கார் நீளம் இருந்திருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. நின்ற இடத்திலேயே இரண்டு கையாலும் முறுக்கினேன், நகரவில்லை.

பக்கத்து சீட்டில் அப்பா, அம்பாசிடரிலேயே காலத்தைக் கழித்தவர். "நின்ன எடத்துல முறுக்காத கண்ணு. பிரேக்க லேசா வுடு, உருளட்டும். உருளும்போது திருப்பு." விட்டேன். வண்டி ஒரு முழம் உருண்டது. அந்த ஒரு முழத்துக்குள் வீல் கால் சுற்று வந்துவிட்டது. இன்னொரு முழம், இன்னொரு கால் சுற்று. வளைவைத் தாண்டிவிட்டோம். அடிவாரம் வரும்வரை இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். தோள்பட்டை மறுநாள் வரை வலித்தது.

அப்பா சொன்னதன் காரணம் எளியது. நிற்கும் டயரைத் திருப்பினால் ரப்பர் முழுக்கத் தார்ச்சாலையில் தேய்ந்து சுழல வேண்டும், எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும். உருளும் டயர் ஒவ்வொரு அடிக்கும் புது இடத்தில் கால் வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறிக்கொள்ளும். அதனால் பைபாஸில் 60-ல் போகும்போது பவர் போயிருந்தால் சிலருக்குத் தெரிவதுகூட இல்லை. வேகம் குறைந்து, வளைவு இறுகி, நம் கவனம் வேறெங்கோ இருக்கும் நேரத்தில்தான் அது முகத்தைக் காட்டும். வித்தியாசம் தெரிந்தவர் பதற மாட்டார் என்று ஆரம்பத்தில் சொன்னேன், ஆனாலும் பயம் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயம் இந்த நொடிக்கு உரியது.

ஆகவே பவர் போய்விட்டது என்று தெரிந்தவுடன் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் வளைவின் நடுவில் நின்றுவிடாதீர்கள். இரண்டு கையும் வீலில் இருக்கட்டும். வழக்கத்தைவிட முன்னதாகவே திருப்ப ஆரம்பியுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, ஓரமாக அகலமான இடம் வந்ததும் ஒதுக்குங்கள்.

ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே கூடாது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகிடும்" என்று போன் பழக்கத்தில் செய்யத் தோன்றும். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் ஓரிரு மிதியில் தீர்ந்து, பிரேக்கும் கல்லாகும். சாவியை லாக் வரை திருப்பி உருவிவிட்டால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, வீல் உண்மையிலேயே பூட்டிக்கொள்ளும். அதுவரை கனமாக மட்டும் இருந்தது, அதன் பிறகு நிஜமாகவே ஸ்டீயரிங் இருக்காது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

மெதுவாக ஓட்டிக்கொண்டுகூடப் போகக் கூடாத நிலைகளும் உண்டு. வீல் கனமாக இல்லாமல் தொளதொளவென்று ஆடினால், "டொக்" என்று இடித்தால், ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றால், அது பவர் சம்பந்தப்பட்டதே அல்ல. டை ராடு முனையோ தண்டின் ஜாயின்டோ கைவிடப் போகிறது. இறங்கி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்டீயரிங் கனத்த அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் பவர் பம்ப், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். அப்படி இருந்தால் அடுத்து ஏறப்போவது இன்ஜின் சூடு. இன்ஜினைச் சுட்டுக்கொண்டு வீடு சேர்வதைவிட அங்கேயே நிற்பது மலிவு. பானெட்டிலிருந்து ஆயில் கருகும் வாடையோ புகையோ வந்தாலும் நில்லுங்கள். இந்த ஆயில் தீப்பிடிக்கும், சைலன்சர் குழாயின் ஆரம்பப் பகுதி அதற்குப் போதுமான சூட்டில் இருக்கும்.

எதனால் போனது

அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வீலை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ராக் போச்சுங்க, மாத்தணும்" என்றார் அங்கிருந்தவர். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. இந்த நோயில் மிகவும் விலை உயர்ந்த மருந்து ராக். அதிலிருந்து ஆரம்பிக்கிற வைத்தியரை நான் நம்புவதில்லை. மலிவானதிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும்.

முதலில் முன் டயரில் காற்று. சிரிக்க வேண்டாம், காற்று குறைந்த இரண்டு டயரே ஸ்டீயரிங்கைக் கனமாக்கிவிடும். பங்க்கில் ஐந்து நிமிட வேலை.

அடுத்து டப்பா. சில வண்டியில் மூடியோடு ஒரு குச்சி ஒட்டியிருக்கும், சிலவற்றில் டப்பாவின் பக்கவாட்டில் கோடு போட்டிருப்பார்கள். அளவைப் பார்த்த கையோடு, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஆயில் புதிதாக இருக்கும்போது ரூஹ் அஃப்ஸா நிறம். டீத்தண்ணி நிறமானால் பழசு. கரியாகி, தீய்ந்த வாடை வந்தால் சூட்டில் வெந்திருக்கிறது, உள்ளே ரப்பரும் கரைந்திருக்கலாம். நுரைத்துப் பால் கலந்தது போல இருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. பம்ப் முனகுவதும் பெரும்பாலும் இதனால்தான்: ஆயில் குறைந்து, காற்றையும் சேர்த்து விழுங்குகிறது.

ஆயில் குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம், இது மூடிய சுற்று, தானாகக் குறையாது. இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துவைத்து, காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பம்ப் பக்கமா, ஹோஸ் வரும் வழியிலா, சக்கரத்துக்குப் பக்கத்திலா என்று அட்டையே சொல்லிவிடும். ராக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே சளசளவென்று ஆயில் இருந்தால், அப்போது ராக் சீல் போயிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது ஹோஸை விரலால் தடவிக் கசிவு தேடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

பெல்ட் பேசும். ஸ்டார்ட் செய்தவுடனோ முழுக்க ஒடிக்கும்போதோ "கீச்" என்று கத்தினால் அது வழுக்குகிறது. தொய்வா, தேய்வா, எண்ணெய் பட்டதா என்று பார்க்க வேண்டும். கீச்சு பெல்ட்டுக்கு, முனகல் பம்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பா ராக்கா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இடது பக்கம் லேசாகவும் வலது பக்கம் மட்டும் கனமாகவும் இருந்தால் பம்பைச் சந்தேகப்படுவதில் பொருளில்லை. பம்ப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆயிலைத்தான் தருகிறது, பங்கு பிரிக்கும் வால்வும் சீலும் ராக்கில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் கனம், இன்ஜினை லேசாக முறுக்கினால் சரியாகிறது என்றால் பெல்ட்டோ பம்போ தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்துப் பிடித்து விட்டால், பெடலுக்கு மேலே தண்டில் இருக்கும் ஜாயின்ட் காய்ந்து துருப்பிடித்திருக்கும். அது கிரீஸிலோ, ஜாயின்டை மாற்றினாலோ தீரும்.

என் வண்டியில் காரணம் ஹோஸ். பம்பிலிருந்து ராக்குக்குப் போகும் அழுத்த ஹோஸில் ரப்பரையும் இரும்புக் குழாயையும் சேர்த்து நசுக்கிய வளையம் இருக்கும்; அந்த இடம் முதலில் வியர்க்கும், தூசி ஒட்டிக் கறுத்துப் போகும், பிறகு ஒருநாள் வழியும். கீழே இருந்த பிளாஸ்டிக் தட்டில் கால் லிட்டர் தேங்கியிருந்தது. கம்பெனி ஹோஸ் கிடைக்கவில்லை. ரிக் வண்டிக்கும் ஜேசிபிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடைக்கு எடுத்துப் போய், பழைய இரண்டு முனையையும் வைத்தே புது ஹோஸ் அடித்து வாங்கினோம். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சூட்டையும் இந்த ஆயிலையும் அழுத்தத்தையும் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய ஹோஸ் தேடுவதுண்டு. பம்ப், ராக் என்றால் சரி. ரப்பர் சாமானைப் பழசாக வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதை ஊற்றுவது

டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். பல பழைய வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் ரக ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். சில ஐரோப்பிய வண்டிகள் பச்சை நிற ஆயில் கேட்கும், ஹோண்டா தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. நிறம் மாற்றிக் கலக்காதீர்கள், சீல்கள் ஆயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. எல்லாவற்றுக்கும் மேலே, பிரேக் ஆயிலை இதில் ஊற்றிவிடாதீர்கள். வழியில் உதவிக்கு வருபவர் நல்ல மனசோடு பிரேக் ஆயில் டப்பாவை நீட்டுவார். அதில் இந்த ரப்பர் சீல்கள் ஊறி உப்பி, பம்ப் முதல் ராக் வரை எல்லாம் கசிய ஆரம்பிக்கும். ஹோஸ் செலவோடு முடிய வேண்டியது முழு செட்டில் போய் நிற்கும்.

ஆயில் இல்லாமல் தொடர்ந்து ஓட்டுவதும் அதே பாவம்தான். பம்புக்கு அந்த ஆயில்தான் உயவு. காய்ந்து ஓடினால் உரசி இரும்புத்தூள் உதிரும், தூள் ராக்குக்குப் போகும். பம்புக்கென்று தனி பெல்ட் உள்ள வண்டியானால் அதை மட்டும் கழற்றிவிட்டு மெதுவாக ஊர் சேர்வார்கள் மெக்கானிக்குகள். பொது பெல்ட்டில் அந்த வித்தை நடக்காது.

நல்ல பம்பையும் கெடுக்கிற பழக்கம் ஒன்று: முழுக்க ஒடித்து, முட்டிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அந்த நேரம் ஆயில் போக வழியில்லாமல் உச்ச அழுத்தத்தில் கொதிக்கிறது. முட்டியதும் ஒரு விரல் அளவு திருப்பி விடுங்கள். சந்து வீட்டில் பார்க்கிங் செய்கிறவர்களின் பம்ப் சீக்கிரம் சாவது இதனால்தான் என்பது என் கணிப்பு.

டப்பாவும் பெல்ட்டும் தேடிக் கிடைக்கவில்லை என்றால் உங்களுடையது மின்சார வகை. 1988-ல் ஜப்பானில் சுசூகி செர்வோவில் ஆரம்பித்தது, இப்போது சின்ன கார்கள் எல்லாம் இதுதான். அதில் ஆயில் கிடையாது, தண்டிலோ ராக்கிலோ ஒரு மோட்டார். கனத்துப் போய் மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உதவியைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். பிறகு ஃப்யூஸ், அதன் பிறகு ஸ்கேனர். மிச்ச விதிகள், உருளவிட்டுத் திருப்புவது உட்பட, அதற்கும் அப்படியே பொருந்தும்.

புது ஹோஸை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். சேலத்து மெக்கானிக் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பாவை நிரப்பினார். "ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா, சும்மா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா திருப்புங்க" என்றார். திருப்பினேன். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்பா ஸ்டூலைப் போட்டு டப்பாவுக்கு மேல் குனிந்து உட்கார்ந்துவிட்டார். "வருது, குமிழி வருது... இன்னும் திருப்பு." பதினெட்டாவது தடவைக்குப் பிறகுதான் கையை உயர்த்தினார். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து, இன்னும் நாலு தடவை. முனகல் இல்லை. ஜாக்கியை இறக்கியதும் நின்ற இடத்திலேயே ஒற்றை விரலால் வீலைச் சுற்றிக் காட்டினேன். "நின்ன எடத்துல முறுக்காதேன்னு சொன்னனே" என்றார்.